ஏலகிரியில் தவளை மருந்து முகாம்: பணம் கட்டுவதற்கு முன் படிக்க

முழங்கால் வலிக்குப் பல வைத்தியங்களைப் பார்த்துச் சலித்துப்போன என் சித்தப்பா, ‘காம்போ’ எனப்படும் தவளைச் சுரப்பு சிகிச்சைக்கு 6,500 ரூபாய் கட்டிவிட்டுத்தான் என்னைத் துணைக்கு அழைத்தார். ஏலகிரி மலைமேல் ஒரு பண்ணை வீட்டில் நடக்கும் முகாம் அது. நடத்துபவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். முதல் நாள் இரவிலிருந்தே உண்ணக் கூடாது என்று சொல்லியிருந்ததால், காட்பாடியிலிருந்து கிளம்பி ஆம்பூரை வெறும் வயிற்றோடு கடந்தோம். அதுவே பெரிய தவம்தான்.

இடத்தைக் குறை சொல்ல முடியாது. 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிய குளிர்காற்று, சுத்தமான பாய்கள், ஆளுக்கொரு வாளி. ஆனால் இது தேரையர் என்னும் சித்தர் வழிவந்த சித்த மருத்துவத்தின் ஒரு கிளை என்று வரவேற்புரையில் சொன்னபோதே எனக்கு ஐயம் எழுந்தது. நோயாளி ஒருவரின் மண்டைக்குள் இருந்த தேரையை, பாத்திரத்து நீரைக் கலக்கி ஒலியெழுப்பி வெளியே குதிக்க வைத்தார் என்ற கதையால் அவருக்கு அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். தேரையை வெளியேற்றியவர் பெயரைச் சொல்லித் தவளையின் நஞ்சை உள்ளே ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

உண்மையில் இது அமேசான் காட்டுக்குரியது. பைலோமெடூசா பைகலர் என்னும் பெரிய பச்சை மரத்தவளையின் தோல் சுரப்பைச் சுரண்டி எடுத்து, மரக்குச்சியில் காயவைத்துப் பாதுகாக்கிறார்கள். பெரு, பிரேசில் எல்லையில் வாழும் மத்செஸ் மக்கள், வேட்டைக்குப் போகுமுன் புலன்கள் கூர்மையடையவும் களைப்புத் தெரியாமலிருக்கவும் இதைப் பூசிக்கொள்வது வழக்கம். முழங்கால் வலி அந்தக் கணக்கில் இல்லை.

முகாமில், வந்தவர்களை முதலில் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். பிறகு புகையும் குச்சியால் மேல்கையில் சிறு புள்ளிகளாகத் தோலைச் சுட்டு, நீரில் குழைத்த சுரப்பை அந்தப் புண்கள்மேல் வைத்தார்கள். ஓரிரு நிமிடங்களில் முன்வரிசையில் இருந்த இளைஞருக்கு முகம் சிவந்து, உதடு வீங்கி, நெஞ்சு படபடத்து, வாந்தி தொடங்கியது. வாளியில் விழுந்த மஞ்சள் நிற நீரைக் காட்டி, பல வருடங்களாகத் தேங்கிய நஞ்சு வெளியேறுகிறது என்றார் நடத்துநர். அது பித்தநீர். சுரப்பிலுள்ள பைலோசெருலின் என்னும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) குடலையும் பித்தப்பையையும் சுருங்க வைக்கிறது. அதிலுள்ள இன்னொரு பெப்டைடான பைலோகைனின் இரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைச் சடாரென்று இறக்குகிறது. மூன்றாவதான டெர்மார்பின், வலியை மரக்கச் செய்வதில் மார்பினைவிட வலிமையானது. வாந்திக்குப் பின் வரும் மிதப்பான சுகத்தில் இதற்கும் பங்கு இருக்கலாம். அளவுக்கு மீறிக் குடிக்கும் தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து வலிப்பு வரை கொண்டுபோகக்கூடியது. இந்தச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தவர்களும் உண்டு. பிரேசில் 2004-இல் இதன் மருத்துவ விளம்பரத்தைத் தடை செய்தது. ஆஸ்திரேலியா 2021-இல் இதன் பயன்பாட்டையே தடுத்துவிட்டது.

என்னை உண்மையில் கோபப்படுத்தியது சேர்க்கைப் படிவம். ராசியும் நட்சத்திரமும் கேட்ட அந்தத் தாளில், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற ஒரு வரி கிடையாது. சித்தப்பா பல ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். அதைச் சொன்னதும், மூன்று புள்ளிகளைக் குறைத்து ஒன்றாக வைக்கலாம் என்று பேரம் பேசினார்களே தவிர, வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மருத்துவரும் இல்லை, அழுத்தம் பார்க்கும் கருவியும் இல்லை, அவசரம் என்றால் மலையிறங்கித்தான் மருத்துவமனை தேட வேண்டும். துண்டறிக்கையிலோ நீரிழிவும் இரத்த அழுத்தமும் குணமாகும் என்று அச்சடித்திருந்தார்கள். அத்தகைய விளம்பரத்தை, மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்களின் விளம்பரம் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

சித்தப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வாக்குவாதத்துக்குப் பின் 3,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. இறங்கும் வழியில் ஆம்பூரில் வண்டியை நிறுத்தச் சொன்னவர் அவர்தான்.