மதுரை செக்கப்பா, வீட்டு பிரஷர் மிஷினா?

அம்மாவுக்கு பிரஷரும் சுகரும் சேர்ந்து வந்ததிலிருந்து வீட்டில் ஒரே பட்டிமன்றம். வருஷம் ஒருமுறை மதுரைக்குக் கூட்டிப்போய் மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுப்பதா? எங்கள் கடலோர ஊரான மண்டபத்திலேயே மிஷின் வாங்கி வைத்து, அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு, நாமே நோட்டில் குறித்து வருவதா? நாங்கள் இரண்டாவதற்குப் போனோம், அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஈசிஜி, கொழுப்பு, சிறுநீரகத்தைச் சொல்லும் கிரியேட்டினின், விழித்திரை எல்லாம் ஒரே நாளில் பார்ப்பது செக்கப்பின் பலம். செலவும் அலைச்சலும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் பிரஷர் இன்று இருப்பதுபோல் நாளை இருக்காது. டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே சிலருக்கு ஏறிவிடும்; அம்மா அந்த ரகம். ஆஸ்பத்திரியில் 140/90-ஐ எல்லையாக வைக்கிற டாக்டர்கள் வீட்டு அளவுக்கு 135/85 என்பதும் இதனால்தான். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊரில் 1948-ல் தொடங்கி 5,209 பேரைச் சேர்த்து, அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்ததில் உயர் ரத்த அழுத்தத்துக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு தெளிவாகப் பிடிபட்டது.

அம்மா காலையில் மாத்திரைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்ப்பார். கருவாட்டுக் குழம்பு வைத்த மறுநாள்களில் மேல் எண் ஏறி நிற்பது நோட்டில் தெரிந்தது. உப்பைக் குறைங்க என்று டாக்டர் சொல்லிக் கேட்காதவர், தன் கையெழுத்தில் அதைப் பார்த்த பிறகு கருவாட்டை ஊறப்போட்டு இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவுகிறார்.

இந்த வழி நிலைப்பதும் கவிழ்வதும் பராமரிப்பில். நம் கரையில் உப்புக்காற்று எதையும் விடாது. பேட்டரியை உள்ளேயே விட்டு வைத்தால் முனைகளில் பச்சை பூத்துவிடும். பார்த்து முடித்ததும் கழற்றி, மிஷினை மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். கைப்பட்டை தொளதொளத்தாலோ கைக்குச் சின்னதாக இருந்தாலோ எண் தப்பாகக் காட்டும். அவ்வப்போது துணை சுகாதார நிலையத்துக்கு எடுத்துப்போய், நர்ஸம்மாவிடம் அங்குள்ள மிஷினோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சுகர் ஸ்ட்ரிப் இன்னும் மோசம். ஈரக்காற்று பட்டாலே கெட்டுவிடும்; ஒன்றை எடுத்ததும் டப்பாவை மூட வேண்டும், திறந்த தேதியை மூடியில் எழுத வேண்டும்.

அதனால் சுகர் விஷயத்தில் நான் இவ்வளவு அடித்துப் பேச மாட்டேன். மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, கிரியேட்டினின், விழித்திரைக்கெல்லாம் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகிறோம்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்துவருமா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்தான். விடியுமுன் படகேறுகிறவர் எங்கே ஐந்து நிமிஷம் உட்காருவது? விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கிப் பார்க்கலாம். அந்த 61 நாள் நோட்டைக் கையில் கொண்டுபோனாலே டாக்டருக்கு மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசிக்க ஒரு பிடி கிடைக்கும்.