ஆபீஸ் கம்ப்யூட்டரா, ஆன்லைன் கணக்கா? கிருஷ்ணகிரி மாவட்டச் சிறு தொழில்களுக்கு ஓர் அலசல்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளிலும் இப்போது அடிபடும் கேள்வி இது: பில்லும் கணக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டுமா, சந்தா கட்டி ஆன்லைனுக்கு மாறிவிடலாமா? விற்க வருபவர்கள் விலையையும் வசதியையும் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலை அந்தக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்றால், மறுபடியும் பில் போட எத்தனை மணி நேரம் ஆகும்?

ஆபீஸ் கம்ப்யூட்டர் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் தெரிந்த ஆள் எந்த ஊரிலும் கிடைப்பார். ஆடிட்டர் ஆபீஸுக்கும் அது பழக்கம். ஆனால் "நெட் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்" என்று சொல்லப்படும் பெரிய ஆதாயம் இன்று பாதிதான் உண்மை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள், இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிவான பில், எடுத்தாக வேண்டும். சரக்கின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாயையும், மாநிலம் தாண்டும்போது 50,000 ரூபாயையும் தாண்டினால் பொதுவாக இ-வே பில், அதாவது ஆன்லைனில் எடுக்கும் சரக்கு அனுமதிச் சீட்டு, வேண்டும். பெங்களூரு கம்பெனி ஓசூர் பட்டறைக்கு ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்கு வேலை செய்து தர) அனுப்பும் பொருளுக்கோ மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டும், ஏனென்றால் அது மாநிலம் தாண்டுகிறது. ஆக, நெட் போனால் எந்த சாஃப்ட்வேர் வைத்திருந்தாலும் வண்டி கேட்டிலேயே நிற்கும். பிராட்பேண்ட் ஒரு கம்பெனி, ஹாட்ஸ்பாட்டுக்கு வேறு கம்பெனி சிம் என்று இரண்டு வழி வைத்துக்கொள்வது இரு தரப்புக்குமே பொதுவான செலவு.

ஆபீஸ் கம்ப்யூட்டர் சறுக்கும் இடம் பேக்கப். "பேக்கப் எல்லாம் இருக்குதுங்க" என்பார்கள். திறந்து பார்த்தால் அதே ஹார்ட் டிஸ்கின் டி டிரைவில் ஒரு ஃபோல்டர். இல்லையென்றால் சிபியுவின் பின்பக்கம், தூசி படிந்து, மாதக்கணக்கில் கழற்றாமல் செருகிக் கிடக்கும் ஒரு பென் டிரைவ். ரான்சம்வேர் உள்ளே வந்தால் சி, டி, பென் டிரைவ் என்று பிரித்துப் பார்க்காது. கைக்கு எட்டும் ஃபைலை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். பெயருக்கு இருந்த பேக்கப்பும் கணக்கோடு சேர்ந்தே போய்விடும்.

அது உள்ளே வரும் வழியையும் பல இடங்களில் நாமே திறந்து வைத்திருக்கிறோம். காசு கட்டாத திருட்டு நகலான கிராக் சாஃப்ட்வேர் ஏற்றுவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தியவர், அதை மறுபடி இயக்குவதே இல்லை. ஆடிட்டர் ஆபீஸ் பையன் தூரத்திலிருந்து பார்ப்பதற்காக, அதற்கென்றே உள்ள எனிடெஸ்க் சாஃப்ட்வேரில் நிரந்தர பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போகிறார். அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அந்த பாஸ்வேர்டு அப்படியே இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்றோடு முடித்துவிட்டது. அதில் ஓடும் பில்லிங் கம்ப்யூட்டர்கள் நம் மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ. கிராக் வைத்திருப்பவரை இளக்காரமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, கையிருப்பு அப்படி. ஆனால் அதில் மிச்சமாகும் காசு, ஒரே ஒரு முறை கணக்கு பூட்டிக்கொண்டால் போதும், பலமடங்காகப் போய்விடும்.

ஆன்லைன் பக்கம் வருவோம். ஜோஹோ புக்ஸ் போன்ற ஆன்லைன் கணக்கு சாஃப்ட்வேர்களில் கணக்கு நம் கம்ப்யூட்டரில் இருப்பதில்லை. டிஸ்க் எரிந்தாலும், கம்ப்யூட்டரே திருடு போனாலும், வேறொரு லேப்டாப்பில் அன்றே பில் போடலாம். என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இங்கே ஆபத்து சாவி யாரிடம் இருக்கிறது என்பதில். முதலாளி பெயரில் இருக்கும் மெயில் ஐடியை எப்போதோ பழைய கணக்காளர் தன் போன் நம்பர் கொடுத்துத் தொடங்கியிருப்பார். அந்த மெயில் யார் கையிலோ, பாஸ்வேர்டை மாற்றும் அதிகாரமும் அவர் கையில். நாலு பேருக்கும் ஒரே லாகின் என்றால், பில்லை அழித்தது யார் என்று கடைசிவரை தெரியாது. ஆளுக்கொரு லாகின், பில் போடுபவருக்குப் பில் மட்டும், மெயிலுக்கும் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு ஓடிபியும்): மாறும் அன்றே இவை நடக்க வேண்டும். இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் அந்தச் சரிபார்ப்பு கட்டாயம். அந்த ஓடிபி எந்த நம்பருக்குப் போகிறது என்று இன்றே கேளுங்கள்.

இன்னொன்று சந்தா. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு நம்மிடம் இருக்க வேண்டும். சந்தா நின்ற பிறகு பழைய பில்லுக்கு அலையாமல் இருக்க, மாதம் ஒருமுறை எக்செல்லிலும் பிடிஎஃப்பிலும் இறக்கி வையுங்கள்.

ஐந்து பேரோ இருபது பேரோ வேலை செய்யும் ஓசூர் பட்டறைக்கு நான் ஆன்லைனைத்தான் சொல்வேன். நெட் இல்லாமல் அவர்களுக்கு வண்டியே நகராது எனும்போது, ஆபீஸ் கம்ப்யூட்டரைக் காவல் காப்பதில் லாபமில்லை. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கத்து மாங்கூழ் ஆலையின் நிலைமை வேறு. எடை மேடையின் இண்டிகேட்டர், அதாவது எடையைக் காட்டும் பெட்டி, கேபிள் வழியாக அங்குள்ள கம்ப்யூட்டரோடுதான் பேசுகிறது. சீசனில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்கும்போது, நெட் வரட்டும் என்று விவசாயியிடம் சொல்ல முடியாது. அங்கே எடைச்சீட்டும் கொள்முதலும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். கூடவே இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க். ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றது. காப்பி முடிந்ததும் கழற்றி, ஒன்று எப்போதும் வீட்டில். மாதம் ஒருமுறை வேறு லேப்டாப்பில் அந்த பேக்கப்பைத் திறந்து நேற்றைய சீட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லை என்றால் ஆலைக்கும் ஆன்லைன்தான் மேல்.

ராயக்கோட்டை தக்காளி மண்டி போன்ற இடங்களில் மொபைல் பில்லிங் ஆப் போதும், போனுக்கு லாக்கும் சிம்முக்கு பின் நம்பரும் இருந்தால்.

இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தடுக்க முடியாத மோசடி ஒன்று உண்டு: "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று சப்ளையர் பெயரில் வரும் மெயில். மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே பணம் போடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். பணம் அடுத்த அக்கவுண்டுக்கு நகர்வதற்குள் நிறுத்த வாய்ப்புண்டு.

மாறுவதென்றால் பட்டறைக்கு நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 வசதி, தொடக்க இருப்பு சுத்தமாக வரும். ஆலைக்காரர்கள் சீசன் நடுவில் தொடவே வேண்டாம். கூழ் ஓட்டம் முடிந்து, விவசாயிகள் பாக்கியைத் தீர்த்த பிறகு, ஒரு மாதம் இரண்டிலும் பில் போட்டுப் பார்த்துவிட்டு மாறுங்கள்.