சிஸ்டம்ரெஸ்க்யூ: கணினி எழாத நாளில் கைகொடுக்கும் பென்டிரைவ்

சென்ற மாதம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட, மறுபடி இயக்கிய என் லினக்ஸ் கணினி, இயங்குதளம் இருக்கும் ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி, "அன்நோன்-பிளாக் (0,0)" என முடியும் கெர்னல் பேனிக் (கெர்னல் மேலே தொடர முடியாத பிழை) வரியோடு நின்றுவிட்டது. வட்டு கெட்டுவிட்டதோ என்றே முதலில் அஞ்சினேன். கணினி எழும்போது ரூட்டை ஏற்றக் கெர்னலுக்கு உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாகாமல் போயிருந்தாலும் இதே வரிதான் வரும்.

அன்று என்னைக் காப்பாற்றியது சிஸ்டம்ரெஸ்க்யூ. முன்பு ஜென்டூ என்ற லினக்ஸ் வகையையும் 2019 முதல் ஆர்ச் லினக்ஸையும் அடிப்படையாகக் கொண்ட இந்த இலவச மீட்புத் தொகுப்புக்கு 2 ஜிபி பென்டிரைவ் போதும். அதிலிருந்து கணினியை எழுப்பி, வட்டுகளையும் பகிர்வுகளையும் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையால் ரூட் பகிர்வை அடையாளம் கண்டு, அதை எம்என்டி அடைவில் ஏற்றி, டெவ், பிராக், சிஸ் ஆகிய மூன்று சிஸ்டம் அடைவுகளையும் பைண்ட் முறையில் அங்கே இணைத்தபின் சிஎச்ரூட் செய்து (வட்டிலுள்ள என் லினக்ஸுக்குள்ளேயே நுழைந்து) இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்கினேன். கால் மணி நேரத்தில் கணினி வழக்கம்போல் எழுந்தது.

பகிர்வுகளைத் திருத்தும் ஜிபார்ட்டட், தொலைந்த பகிர்வுகளை மீட்கும் டெஸ்ட்டிஸ்க், பழுதான வட்டை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ எல்லாம் உள்ளேயே இருப்பதால், இணையம் இல்லாத இடத்திலும் வேலை நடக்கும். "ஸ்டார்ட்எக்ஸ்" என்று தட்டினால் எக்ஸ்எஃப்சிஇ என்ற வரைகலைத் திரை வந்துவிடும்.

குறை என்று சொன்னால், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டை அணைத்த பிறகே இது எழும் என்பது புதியவர்களைத் திணறடிக்கும். கட்டளை வரியே பழகாதவர்களுக்கு, பொத்தானை அழுத்தினால் லினக்ஸை எழுப்பும் நிரலான கிரப்பைச் சரிசெய்யும் பூட்-ரிப்பேரையே பரிந்துரைப்பேன்.