'வெரி ஃபேமஸ்' எழுதுவதா, 'வெல் நோன்' எழுதுவதா?

பவானியில் ஜமக்காளம் விற்கும் நண்பர், வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்ப ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் எழுதிக் கொண்டுவந்தார். முதல் வரியிலேயே 'வெரி வெரி ஃபேமஸ்'. ஒரு 'வெரி'யை அடித்தேன். "இருக்கட்டுங்க, அது இல்லீன்னா சப்புன்னு போயிருமுங்க" என்றார். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

'வெரி ஃபேமஸ்' இலக்கணப் பிழை இல்லை. 'யுனீக்' என்றால் ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் 'வெரி' போட்டால் முகம் சுளிப்பார்கள். புகழ் அப்படியில்லை, கூடும், குறையும். ஆனால் "ரொம்ப ஃபேமஸுங்க" என்று நாம் பேசும்போது 'ரொம்ப'வை இழுத்து அழுத்துகிறோமே, அந்தக் குரல் தாளில் வராது. பழைய பிரெஞ்சிலிருந்து 'உண்மையான' என்ற பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்த சொல்தான் 'வெரி'. எல்லாவற்றுக்கும் போட்டுப் போட்டு இன்று தேய்ந்துவிட்டது.

'வேர்ல்ட் ஃபேமஸ்' இன்னும் ஆபத்து. எந்தெந்த நாட்டில் தெரியும் என்று வாங்குபவர் கேட்டால் பதில் வேண்டும். சிறுவாணித் தண்ணீரை 'உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர்' என்று கோவையில் சொல்லக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அந்த ருசி என் நாக்குக்குத் தெரியும். ஆனால் 'இரண்டாவது' என்றதும், முதலாவது எது, யார் அளந்தது என்று கேள்வி வருகிறது. நல்ல தண்ணீருக்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை.

'ரெனௌண்ட்' என்ற சொல்லுக்குள்ளேயே மிகுதி இருக்கிறது. 'வெரி ரெனௌண்ட்' என்றால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். அறிஞருக்கோ பழைய கல்லூரிக்கோ பொருந்தும். விரிப்புக்குக் கொஞ்சம் கனம்தான்.

'இன்ஃபேமஸ்' பக்கமே போகாதீர்கள். ஃபேமஸைவிட ஒரு படி மேல் என்று நினைத்து ஒரு விழா அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயருக்கு முன்னால் அச்சடித்திருந்தார்கள். கெட்ட பெயர் எடுத்தவர் என்று அர்த்தம். பார்த்ததும் பதறிவிட்டேன்.

நன்னூல் தந்த பவணந்தி முனிவரைப் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று மிகுதிக்கு ஆறு சொல் காட்டியவர். ஆறுக்கும் பொருள் மிகுதிதான். ஆனால் 'உறுபசி' என்போம், 'சாலச் சிறந்தது' என்போம். மாற்றிப் போட்டால் ஒட்டாது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'ஒய்ட்லி நோன்', 'ஹைலி ரிகார்டெட்' என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஜோடி இருக்கிறது. எதற்கும் 'வெரி' போடுபவருக்கு இந்த ஜோடிகள் பழகவே பழகாது.

என் ஓட்டு 'வெல் நோன் ஃபார்' என்பதற்கு. 'வெல் நோன்' அடக்கமான சொல்; 'பெட்டர் நோன்', 'பெஸ்ட் நோன்' என்று தேவைக்கு ஏற்றிக்கொள்ளவும் இடம் தரும். அதைவிட முக்கியம் அந்த 'ஃபார்'. எதற்காகப் பெயர் பெற்றது என்று சொல்லாமல் அந்த வரியை முடிக்கவே முடியாது.

நண்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் அவரே இரண்டு 'வெரி'யையும் அடித்துவிட்டு, 'ஃபார்' என்பதற்குப் பின்னால் கைத்தறி நெசவு, தடித்த பருத்தி நூல், பட்டை பட்டையான வண்ணக் கோடுகள் என்று எழுதினார். கீழே, 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு. நோட்டீஸ் இப்போது அச்சகத்தில் இருக்கிறது.