செங்கோட்டை வாடகை காமிக்ஸ் கடை: தனி ஆள் கதையா பாத்து எடுங்க

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்குற தூரத்துல ஒரு பழைய புஸ்தக கடை இருக்கு, போர்டு கெடையாது, உள்ள ஒரு பக்கம் தமிழ் காமிக்ஸ், இன்னொரு பக்கம் பாலரமாங்கிற மலையாள சிறுவர் புக்கு. புனலூர்ல இருந்து ரயில் ஏறி வர்றவங்களும் இங்கதான் எடுக்காங்க. அட்வான்ஸ் கட்டுனா அண்ணாச்சி வாடகைக்கு குடுப்பாரு.

எங்கிட்ட கேட்டா தனியா சுத்துற ஹீரோ கதைகள மொதல்ல அள்ளிருங்க. முத்து காமிக்ஸ் 1972ல ஆரம்பிச்சதே இரும்புக்கை மாயாவிய வச்சுதான். ஷாக் அடிச்சா உடம்பு மறஞ்சிரும், அந்தக் கை மட்டும் தெரியும், கொஞ்ச நேரத்துல ஷாக் தெளிஞ்சு உடம்பு திரும்பத் தெரிஞ்சு எதிரி எடத்துல மாட்டிக்கிட்டு அடுத்த கரண்ட் எங்கன்னு தேடணும், அந்தத் தவிப்புதான் கதையே. கூட ஒருத்தன் நின்னு சுவிட்ச போட்டுவிட்டா நமக்கு என்ன பதட்டம் இருக்கும்?

வேதாளர், அதான் இங்கிலீஷ்ல ஃபேண்டம்னு வர்ற முகமூடிக்காரர், இன்னும் ஒருபடி மேல. அப்பாவுக்கு அப்புறம் மகன்னு 21 தலைமுறையா வர்றாங்க, ஆனா காட்டுல உள்ளவங்க ஒரே ஆளு 400 வருசமா சாகாம இருக்காருன்னு நம்புதாங்க, அந்த நம்பிக்கைதான் அவரு ஆயுதம், வேற சக்தி ஒண்ணும் கெடையாது. 1986ல ஒரு டிவி கார்ட்டூன்ல இவரையும் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் விண்வெளி ஹீரோ ஃப்ளாஷ் கார்டனையும் ஒரே டீமா சேத்தாங்க, பாத்தா இவருக்கு பத்து புலி பலம்னு புதுசா ஒண்ண ஒட்ட வச்சிருந்தாங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. இப்படி சக்தி குடுத்து டீம் நடுவுல நிறுத்துனா அந்த மர்மத்துக்கு வேலையே இல்லாமப் போயிருது.

டீம்னாலே மோசம்னு சொல்லல. கூட்டாளி கார்சன் பக்கத்துல இருந்து புலம்பலன்னா கௌபாய் டெக்ஸ் வில்லர் கதையில பாதி ருசி போயிரும், பாலரமாவுல வர்ற மாயாவி வேற, அது குட்டிச்சாத்தான், அத ராஜு, ராதான்னு ரெண்டு பிள்ளைங்க கூப்பிட்டாதான் கதை நகரும். அதெல்லாம் கூட்டாளிகள நம்பியே கட்டுன கதைங்க.

கடையில ஒரே குறை, சாரல் சீசன்ல ஈரம் ஏறி பின்னு எல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கும், நடுப்பக்கம் கையோட வந்திரும். திருப்பிக் குடுக்கையில அண்ணாச்சி அந்த பின்ன நகத்தால நெருடிப் பாத்துட்டுதான் அட்வான்ஸ தருவாரு, அதனால எடுக்கும்போதே நடுப்பக்கமும் கடைசிப் பக்கமும் இருக்கான்னு அவர் முன்னாலயே புரட்டிக் காட்டிருங்க. வேதாளர் புக்கெல்லாம் மேல் தட்டுல பாலிதீன் கவர்ல இருக்கு, கேட்டாதான் எடுத்துத் தருவாரு.