சான் ஹோசேயா, சார்லட்டா?

அமெரிக்கக் கனவு இன்னும் கைகூடுமா என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, எந்த ஊரில் என்பதைத்தான். பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, 1980களின் தொடக்கத்தில் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்தது. வருமானத்தில் அடிமட்ட ஐந்தில் ஒரு பங்கில் வளர்ந்த பிள்ளை, மேல்மட்ட ஐந்தில் ஒரு பங்குக்கு ஏற, கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கிலுள்ள சான் ஹோசேயில் 12.9 சதவீத வாய்ப்பு. வட கரோலினாவின் சார்லட்டில் வெறும் 4.4; பெரிய நகரங்களில் அதுவே கடைசி.

இத்தனைக்கும் சார்லட் ஏழை ஊரில்லை. பாங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைமையகமே அங்குதான். சிக்கல் வேறு. தெற்கே ஆப்பு வடிவில் பணக்காரப் பகுதி, அதைச் சுற்றிப் பிறை போல ஏழைகள். 1960களில் நகரின் நடுவிலிருந்த புரூக்ளின் என்ற கறுப்பினக் குடியிருப்பை அடியோடு இடித்துத் தள்ளினார்கள். உயர்ந்த வங்கிக் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். அங்கே வேலை வாங்கித் தரும் அறிமுகம்தான் ஏழைப் பிள்ளைக்கு இருக்காது.

சரி, சான் ஹோசேக்கே போய்விடலாமா? அந்த 12.9 அன்றைய பிள்ளைகளின் கணக்கு. இன்று சாதாரண வீடே பத்து லட்சம் டாலரைத் தாண்டுகிறது. சிப் தொழிற்சாலைச் சம்பளத்தில் வீடு வாங்கிய காலம் மலையேறிவிட்டது. சார்லட்டோ சூடுபட்டு விழித்துக்கொண்டு, பிந்தைய ஆய்வில் கடைசி இடத்திலிருந்து கொஞ்சம் மேலே வந்திருக்கிறது.

கைக்குழந்தையோடு போகிற குடும்பம் என்றால் சார்லட்டைத்தான் சொல்வேன், ஆனால் தெருவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.