இன்வெர்டட் வி-யா, எண்ட் ஃபெட்டா? கடலோர மொட்டை மாடிக்கு எது தாங்கும்

ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் கைக்கு வந்து, ரிக்கும் (ரேடியோ கருவி) முடிவான பிறகு புதியவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: ஆன்டெனாவுக்கு எண்ட் ஃபெட் போடலாமா, பழைய டைபோலே போதுமா? எங்கள் மாடியில் இரண்டும் ஏறி இறங்கியிருக்கின்றன. இப்போது நிலையாக நிற்பது இன்வெர்டட் வி. வீடு தூத்துக்குடியில், கடலுக்குக் கூப்பிடு தூரம். இந்த ஊர் உப்புக் காற்றை வைத்துத்தான் எழுதுகிறேன். சேலத்திலோ மதுரையிலோ இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே 40 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் 40 மீட்டர், சுமார் 7 மெகாஹெர்ட்ஸ்) ஏறக்குறைய 20 மீட்டர் ஒயர்தான். டைபோலில் அதை நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10 மீட்டராகப் பிரித்து, நடுவில் கோஆக்ஸை (ரிக்கிலிருந்து வரும் கேபிள்) சேர்க்கிறோம். நடுப்புள்ளியைப் பைப்பில் உயர்த்தி இரண்டு முனைகளையும் சரித்துக் கட்டினால் அது இன்வெர்டட் வி. அந்த இடத்தில் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) கோஆக்ஸின் 50 ஓமுக்குப் பக்கத்தில் இருப்பதால் நேராக இணைத்துவிடலாம். எண்ட் ஃபெட்டில் ஒயரை வெட்டுவதில்லை. ஒரு முனையிலிருந்தே ஊட்டுகிறோம். முனையில் மின்மறுப்பு இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருக்கும் என்பதால் அதை 50 ஓமுக்கு இறக்க 49:1 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தேவை. பெரும்பாலானவர்கள் எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் இரண்டு சுற்றுக்குப் பதினான்கு சுற்று என்று சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள்.

விலை, கட்டும் வேலை இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 90 மீட்டர் சுருளாகக் கிடைக்கிறது. ஒரு சுருள் வாங்கினால் நான்கு ஆன்டெனாவுக்குக் காணும். 143-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் வரும் மீட்டர் கணக்கு வெற்றுச் செம்புக் கம்பிக்கானது. பிவிசி உறை போட்ட ஒயர் அதைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் வந்து நிற்கும். அதனால் நீளமாகவே வெட்டி, முனையை மடித்து மடித்துப் பார்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். கையில் நானோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) இருந்தால் அரை மணி நேர வேலை.

எண்ட் ஃபெட் இவ்வளவு பிரபலமானதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஒரே ஒயர், ஒரே பெட்டி, டியூனர் (ஆன்டெனாவை ரிக்குக்குப் பொருத்தும் கருவி) இல்லாமலே 40, 20, 15, 10 மீட்டர் நான்கும் கிடைத்துவிடும். 2019 டிசம்பரில் தொடங்கிய 25-வது சூரியச் சுழற்சி (சூரியனின் செயல்பாடு ஏறி இறங்கும் ஏறக்குறைய 11 ஆண்டுச் சுற்று; உச்சத்தில் 10, 15 மீட்டர் பேண்டுகள் நன்றாகத் திறக்கும்) உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசாவும் அமெரிக்க வானிலை-கடல் ஆய்வு நிறுவனமான நோவாவும் அறிவித்தன. அதற்கு முன்பிருந்தே 10 மீட்டரும் 15 மீட்டரும் களைகட்டிவிட்டன. பத்து வாட்டில் எஃப்டி8 (கணினி வழி அனுப்பும் டிஜிட்டல் முறை) போட்டு ஐரோப்பாவைப் பிடிப்பது சாதாரணமாகிவிட்டது. அந்தச் சமயத்தில் நான்கு பேண்டையும் ஒரே ஒயரில் தரும் ஆன்டெனா எல்லோருக்கும் பிடித்துப்போனதில் வியப்பில்லை. பூங்காவுக்கும் மலைக்கும் ரிக்கைத் தூக்கிக்கொண்டு போய் இயக்கும் பழக்கம் பரவியது இன்னொரு காரணம். மரத்தில் ஒரு கயிற்றை எறிந்து ஒயரை இழுத்துக் கட்டினால் ஐந்து நிமிடத்தில் காற்றலையில் இருக்கலாம். அந்த வேலைக்கு எண்ட் ஃபெட்டை அடிக்க ஆள் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மாடியில் ஆண்டு முழுக்க நிற்க வேண்டிய ஆன்டெனா என்றால் கதை வேறு. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பராமரிப்பு. கடலோரத்தில் பராமரிப்பு என்றால் உப்பு.

இங்கே ஒயர், கயிறு, பைப் எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் படிந்துகொண்டே இருக்கும். பகலில் காய்ந்து கிடக்கும். பின்னிரவில் ஈரம் இறங்கியதும் அதே படலம் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும். எந்த ஆன்டெனாவாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. அந்த ஈர உப்பு எந்த இடத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு நஷ்டம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

100 வாட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டைபோலின் நடுப்புள்ளியில் 50 ஓமுக்கு 71 வோல்ட்தான் இருக்கும். ஓட்டம் 1.4 ஆம்பியர். அங்கே ஒரு இணைப்பு துருவேறி ஒரு ஓம் தடை சேர்ந்துவிட்டால், அது தின்பது ஏறக்குறைய 2 வாட். எதிர்முனையில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. எண்ட் ஃபெட் பெட்டியின் ஒயர் முனையிலோ 2450 ஓமுக்குக் கிட்டத்தட்ட 500 வோல்ட் நிற்கும். உச்ச அளவில் பார்த்தால் 700. அந்தப் போல்ட்டுக்கும் கோஆக்ஸ் சாக்கெட்டுக்கும் நடுவில் இருப்பது சில சென்டிமீட்டர் பிளாஸ்டிக். அதன் மேல் ஈர உப்பு படிந்து 10,000 ஓம் கசிவு வந்துவிட்டால் ஏறக்குறைய 20 வாட் அங்கேயே சூடாகிவிடும். உப்பு அதே உப்புதான், சேதம் பத்து மடங்கு.

இன்னும் மோசம், மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. அந்தக் கசிவால் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து சக்தி திரும்பி வருவதைக் காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1-லிருந்து 1.25 அளவுக்குத்தான் நகரும். ஷேக்கில் (ரிக் இருக்கும் அறை) உட்கார்ந்து பார்ப்பவர், எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைப்பார். நஷ்டம் கூடக் கூட எஸ்டபிள்யூஆர் நல்லதாகவே தெரியும் சந்தர்ப்பங்களும் உண்டு. தண்ணீர் இறங்கிய கோஆக்ஸ் அப்படித்தான் ஏமாற்றும். போன சக்தி திரும்பி வந்தால்தானே மீட்டர் காட்டும்?

டைபோலின் இரு முனைகளிலும் உயர் மின்னழுத்தம் உண்டே என்று கேட்கலாம். உண்டு. அங்கே ஒயர் முடிந்த பிறகு இரண்டு மூன்று மீட்டர் கயிறு இருக்கிறது. கசிவு அவ்வளவு தூரமும் நடந்து கைப்பிடிச் சுவரை அடைய வேண்டும். பெட்டியின் மேல் சில சென்டிமீட்டர் தாண்டுவதோடு அதை ஒப்பிடவே முடியாது.

என் எண்ட் ஃபெட் பெட்டியை முதல் மழைக்காலம் முடிந்து கழற்றியபோது பார்த்ததைச் சொல்கிறேன். வெளியே ஸ்டெயின்லெஸ் போல்ட் பளபளவென்று இருந்தது. அதன் அடியில் சிக்கியிருந்த செம்பு லக் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்) பச்சை பூத்து, விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மூடியின் ரப்பர் வளையம் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் மூடி வழியாக வரவில்லை, போல்ட்டின் மரை வழியாக ஈரம் உறிஞ்சப்பட்டிருந்தது. வெயிலில் பெட்டிக்குள் காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். இறுக்கி மூடிய பெட்டியிலும் இது நடக்கும். அடியில் ஒரு சின்ன துளை போட்டு வடிய விடுவது நல்லது என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான். துளை போட்டால் எறும்பு குடியேறும், அது தனி வழக்கு.

அந்த லக்கை மாற்றிவிடலாம், காசு பெரிதல்ல. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாததுதான் எனக்கு ஒத்துவரவில்லை. ஃபெரைட் வளையத்தில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம், எனாமல் ஒயரின் உறை ஒரு சுற்றில் உரிந்திருக்கலாம், முதன்மைச் சுற்றில் போட்டிருக்கும் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் வெந்திருக்கலாம். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இறக்கித் திறக்க வேண்டும். நன்றாகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரிலும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சக்தி சூடாகப் போவது வழக்கம். எஃப்டி8 போல 15 விநாடிக்கு 12.64 விநாடி முழு மூச்சாக அனுப்பும் முறையில் வளையம் நன்றாகவே சுடும். எண்ட் ஃபெட்டில் தொடர்ந்து எஃப்டி8 போடுபவர்கள் ரிக்கின் சக்தியை பாதிக்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது.

இன்வெர்டட் வி-யின் நடுப்பகுதி எங்கள் வீட்டில் ஒரு பிவிசி துண்டுதான். இரண்டு ஒயர்களும் துளைக்குள் கோத்து முடிச்சிடப்பட்டிருப்பதால் இழுவை எல்லாம் முடிச்சில் நிற்கும், சால்டரில் படாது. சால்டருக்கு மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் சாதாரண பிவிசி டேப். கோஆக்ஸ் கீழ்நோக்கி ஒரு வளைவு எடுத்துப் போவதால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பாலன் (கோஆக்ஸின் வெளிப்புறத்தில் ஓட்டம் ஓடாமல் தடுப்பது) என்று தனிப்பெட்டி கிடையாது. அதே கோஆக்ஸை வெட்டாமல் ஒரு ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றியிருக்கிறது. அந்த வளையம் நாளைக்கே உடைந்து விழுந்தாலும் ஆன்டெனா வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பழுது வந்தால் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம், கட்டிங் பிளேயரும் சால்டரிங் அயனும் போதும்.

ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் வாக்கில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு கப்பியில் கயிற்றைத் தளர்த்தி நடுப்பகுதியை இறக்குவேன். டேப்பைப் பிரித்து, சால்டரைப் பார்த்து, கோஆக்ஸின் பின்னல் கறுத்திருந்தால் ஒரு முழம் வெட்டித் தள்ளிவிட்டுப் புதிதாக இணைத்து மேலேற்றிவிடுவேன். கயிற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண நைலான் வெயிலில் நார் நாராகிவிடும். துறைமுகப் பக்கக் கடைகளில் கிடைக்கும் மீன்பிடிக் கயிறுதான் எனக்கு நீடித்து உழைக்கிறது.

இரைச்சல் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ட் ஃபெட்டில் ஓட்டம் திரும்பிப் போக ஒரு பாதை வேண்டும். தனி ஒயர் போடாவிட்டால் கோஆக்ஸின் வெளிப்புறமே அந்தப் பாதையாகிவிடும். அது மாடியிலிருந்து ஷேக் வரை எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு சோலார் என்று எல்லாவற்றையும் உரசிக்கொண்டு வருகிறது. எங்கள் வீட்டில் 40 மீட்டரில் மாலை நேர இரைச்சல் டைபோலுக்கு மாறியதும் இரண்டு எஸ் யூனிட் (ரிக்கின் சிக்னல் மீட்டர் அளவு) குறைந்தது. எண்ட் ஃபெட்டிலும் கோஆக்ஸில் நல்ல சோக் (ஃபெரைட் வளையச் சுற்று) போட்டு, அந்தத் தனி ஒயரும் இழுத்தால் இந்த இடைவெளி குறையும். எல்லா வீட்டிலும் இதே அளவு வித்தியாசம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான்கு பேண்டு விஷயத்தில் எண்ட் ஃபெட் முன்னால் இருப்பது உண்மைதான், ஆனால் அந்த முந்துதல் தோன்றும் அளவுக்குப் பெரிதில்லை. டைபோலின் அதே நடுப்புள்ளியில் 20 மீட்டருக்குப் பக்கத்துக்கு 5 மீட்டர், 10 மீட்டருக்குப் பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் என்று கூடுதல் ஒயர்களை விசிறி போலக் கட்டிவிடலாம். 40 மீட்டர் பேண்டின் ஒயரே மூன்று மடங்கு அதிர்வெண்ணில் 15 மீட்டர் பேண்டையும் தந்துவிடும். ஒத்திசைவு அங்கே சற்று மேலான அதிர்வெண்ணில் விழும், ரிக்கின் உள் டியூனர் அதைச் சமாளிக்கும். ஒன்றை வெட்டினால் மற்றது நகரும், அதனால் நீளமான ஜோடியில் தொடங்கி குட்டை ஜோடிக்கு வாருங்கள். ஒயர்கள் ஒன்றையொன்று தொடாதபடி முனைகளை ஒரு அடியாவது விலக்கிக் கட்ட வேண்டும். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

சூரியச் சுழற்சி இறங்குமுகத்துக்குப் போகும் ஆண்டுகளில் 10 மீட்டர் மெல்ல மெல்ல அடங்கும். அப்போது தினமும் கைகொடுக்கப் போவது 40-ம் 20-ம்தான். பதினோரு மீட்டர் உயரத்தில் நடுப்புள்ளி நிற்கும் இன்வெர்டட் வி, 40 மீட்டரில் பெரும்பகுதி சக்தியை மேல்நோக்கி அனுப்பும்; அது அயனி மண்டலத்தில் பட்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்கே திரும்பி வரும். பகலில் சென்னை, கோவை, திருவனந்தபுரம், கொழும்பு என்று சுற்றுவட்டாரத்தோடு பேச அதுவே தோது. தொலைதூர டிஎக்ஸ் மட்டுமே குறி என்றால் இரண்டுமே இந்த உயரத்தில் சிறந்தவை அல்ல.

எனக்கு அனுபவம் போதாத இடங்களும் இருக்கின்றன. 100 வாட்டுக்கு மேல் எதிலும் நான் போனதில்லை. கடையில் விற்கும், ரெசின் ஊற்றி முழுக்க மூடிய 49:1 பெட்டிகளைக் கடற்காற்றில் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்த்ததில்லை. அவை நான் கட்டியதைவிட நன்றாகத் தாங்கலாம். மாடியில் இரண்டு பக்கமும் ஒயரைச் சரித்துக் கட்ட இடமில்லாமல், ஒரு மூலையிலிருந்து எதிர்வீட்டுத் தென்னை வரைதான் வழி என்றால் எண்ட் ஃபெட்டைத் தவிர வேறு வழியே இருக்காது. அப்படிப் போடுபவர்கள் பெட்டியை மழை படாத கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். அனுப்பும்போது யாரும் தொட்டுவிடாதபடி ஒரு மறைப்பு அவசியம், அங்கே நிற்பது 500 வோல்ட். ஒயர் போல்ட்டையும் சாக்கெட்டையும் பெட்டியின் எதிரெதிர் முகங்களில் போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் நடுப் பிளாஸ்டிக்கைத் துடைத்துவிடுங்கள். இருபது வாட்டைக் காப்பாற்ற அந்தத் துணியே போதும்.